கலங்கிய பாட்டில்

மீன்தொட்டிச் செடிகளுக்கு உரம் கலக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், டாக்டரம்மா. இரண்டு பாட்டில், இரண்டு ஸ்பூன், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். உப்புச் சத்துகள் ஒன்றில், இரும்புச் சத்து இன்னொன்றில். இரண்டும் சேர்ந்தால் கலங்கி அடியில் படிந்துவிடும்; எதற்கும் உதவாது. அதனால் இன்று ஒன்று, நாளை மற்றது. என் தம்பி சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம்.

விபத்தில் தலையில் அடிபட்டு அவன் என் வீட்டில் படுத்துக் கிடந்த எட்டு மாதமும் கண்ணை இமை காப்பதுபோல் காத்தவள் நான். ஊட்டிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். எழுந்து நடமாடியதும், முன்பு தனியாக இருந்த தன் பழைய வீட்டுக்கே போகிறேன் என்றான். நீங்கள்தான் அவனிடம் சொன்னீர்கள்: “மூணு மாசம் வீட்டு மீன்தொட்டிய நீங்களே பாத்துக்கங்க. மறக்காம செஞ்சிட்டா தாராளமா போகலாம்.” நானும் தலையாட்டினேன்.

அவன் மறக்கவே இல்லை. அதுதான் சங்கடம். தராசில் நிறுப்பான், ஸ்பூனைத் துடைப்பான், உரம் போட்டதும் நோட்டில் ஒரு டிக். செடிகள் தளதளவென்று வளர்ந்தன. இரண்டாம் மாதம் புதுப் பெட்டி ஒன்று வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகத்தான் போகிறான் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது இரும்புச் சத்து பாட்டிலிலிருந்து ஒரு மூடி அளவு எடுத்து மற்றதில் ஊற்றினேன். அவ்வளவுதான். கலங்கிப்போன பாட்டிலை அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

“ஸ்பூன மாத்திப் போட்டுட்டேனாக்கா?”

“இருக்கும்ப்பா. யாருக்குத்தான் மறதி இல்ல?”

ஆறுதலாகத்தான் சொன்னேன்.

பிறகு அவன் உரம் போட்ட நாட்களில் நானும் ஒருமுறை போட்டேன். தொட்டியில் இருந்த குட்டி இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தண்ணீரைச் சோதித்துவிட்டு, தானே இரண்டு தடவை உரம் போட்டுவிட்டு ஒரு டிக்தான் போட்டிருக்கிறேன் என்று அவனே முடிவுகட்டினான். புறங்கையில் பேனாவால் எழுதிவைக்க ஆரம்பித்தான். குளித்தால் அழிந்துவிடும், பாவம். மூன்றாம் மாதக் கடைசியில் ஸ்பூன் இரண்டையும் என் கையில் கொடுத்தான். “இனிமே நீயே போடுக்கா. என் தலை சரியில்ல.” அழுதான். நானும் அழுதேன், அது பொய்யழுகை இல்லை.

நோட்டைப் பார்த்துவிட்டு, ஒருநாள்கூட விடுபடவில்லையே என்று கேட்டீர்கள். விடுபடவில்லைதான்.

இப்போது தொட்டி நன்றாக இருக்கிறது. நான் அளவாகத்தான் போடுகிறேன். நேற்று மத்தியானம், தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, “நான் சாப்பிட்டேனாக்கா?” என்றான். சாப்பிட்டிருந்தான். “இல்லப்பா, வா” என்று மறுபடி பரிமாறினேன். அதையும் சாப்பிட்டான்.

அவன் தலை சரியில்லை என்று என் வாயால் ஒருநாளும் நான் சொன்னதில்லை, டாக்டரம்மா. வேண்டுமானால் அவனையே கேட்டுப் பாருங்கள்.