பூச்சறை வாசல்

ஷிகெஜோ: ...அங்கயே நில்லு. கதவைத் தொறக்காத.

ஹாருயோ: தொறக்கலைங்க. வெளியதான் உக்காந்திருக்கேன். அரக்குப் பூசுற அறைக்குள்ள பொண்டாட்டியும் வரக்கூடாதுன்னு ஏழு வருஷமா நீங்க சொல்லிக் கேக்குறேனே.

ஷிகெஜோ: உன் உடுப்புலேர்ந்து ஒரு நூல் பறந்து ஈரப் பூச்சுல ஒட்டினா போதும், கிண்ணம் போச்சு... மழையா?

ஹாருயோ: ஆமா. கடலே தெரியல. எல்லாம் ஒரே வெள்ளை.

ஷிகெஜோ: நல்லது. ஈரத்துலதான் அரக்கு இறுகும்... மத்தியானம் ஒரு கனவு. கிண்ணத்துக்குள்ள எட்டிப் பாக்குறேன், அடிப்பாகமே இல்ல. கறுப்புத் தண்ணி. இறங்கிக்கிட்டே இருக்கேன்... பயமே இல்ல.

ஹாருயோ: நான் இருந்தேனா?

ஷிகெஜோ: ஒரு மீன் இருந்துச்சு.

ஹாருயோ: கட்டினவளை விட்டுட்டு மீனோட சுத்தியிருக்கீங்க.

ஷிகெஜோ: அது பேசாதுல்ல... என்ன சத்தம்? சொறியுறியா?

ஹாருயோ: கொசுங்க.

ஷிகெஜோ: ஒரு வாரமாவா? ஆத்து நண்டை இடிச்சுச் சாறு தடவியிருக்க. நாத்தம் கதவைத் தாண்டி வருது. அரக்கு பட்டு அரிச்சாத்தான் அதைத் தடவுவாங்க.

ஹாருயோ: நீங்க குளிக்கப் போற நேரத்துல... உள்ள வந்தேன். கிண்ணம் கிண்ணமா பாத்து, இறகுத் தண்டால தூசியை எடுத்தேன். முதல்ல ஒரு தடவைக்கு ஒண்ணு, ரெண்டு தூசி. போன வாரம் பதினொண்ணு. அப்பதான் கையில பட்டுடுச்சு. திட்டுங்க.

ஷிகெஜோ: என்னை மாதிரி கண்ணு மங்கினவன் கிண்ணம் தூசியில்லாமப் போனா, யாரு கைன்னு தெரியாதா? உனக்காகத்தானே ஒரு மணி நேரம் வெந்நீர்ல ஊறிக்கிட்டுக் கெடக்கேன். தோலெல்லாம் ஊறுகாய் மாதிரி சுருங்கிப்போச்சு.

ஹாருயோ: அடப்பாவி மனுஷா... இதைச் சொல்றதுக்கென்ன?

ஷிகெஜோ: நீ சொன்னியா?... சரி, நாளைக்கு வியாபாரி வர்றார். கோயிலுக்கு நூறு கிண்ணம். கடைசிப் பூச்சு என் கையாலதான் வேணுமாம். முடியாதுன்னு சொல்லிடப் போறேன்.

ஹாருயோ: ஏன், கை நடுங்குதா?

ஷிகெஜோ: கைக்கென்ன? அது தானா பூசும். தூரிகை இழுக்குற இழுவையிலயே தெரியும், எங்க கனம், எங்க மெல்லிசுன்னு.

ஹாருயோ: அப்ப ஒத்துக்கோங்க. பூச்சு உங்களுது, தூசி என்னுது. இதை விட்டுட்டு வீட்டுல உக்காந்தா நீங்க செத்துருவீங்க. எனக்குப் பயமா இருக்கு.

ஷிகெஜோ: தூசி தெரியாததோட நிக்கலடி...

ஹாருயோ: சொல்லுங்க.

ஷிகெஜோ: செர்ரி பூத்தப்பலேர்ந்து உன் முகமும் தெரியல. பக்கத்துல வந்தாலும்... ஏதோ மங்கலா ஒண்ணு. நீ உடைஞ்சுடுவியோன்னு சொல்லல.

ஹாருயோ: ...தெரியுங்க. ஒரு முடி உதிர்ந்து கிண்ணத்துல விழுந்துடப் போகுதுன்னு, உள்ள வர ஆரம்பிச்சப்பவே தலைமுடியை ஆம்பள மாதிரி ஒட்ட வெட்டிக்கிட்டேன். தெனமும் எதிர்லதான் உக்காந்து சாப்பிடுறேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்லையே.