இன்னைக்கு உன் முறை

— நேத்து நான் வால்வைத் தொறந்தேன், இன்னைக்கு நீ தொறக்கணும் மச்சான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு பேசினது யாரு? நீதானே கலஃப்?

— நான்தான்.

— அப்பறம் என்ன? மணி பத்துகூட ஆகல, அழுத்த முள்ளு அதுக்குள்ள மேல ஏறுது. ரெண்டு பக்கமும் மூடின குழாய்க்குள்ள எண்ணெய் கெடந்து இந்த வெயில்ல காஞ்சா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? எங்கயாவது மூட்டுல பிச்சுக்கிட்டுப் போயிரும். உங்க ஈராக்குப் பக்கம் கொஞ்சூண்டு தொறந்து வாங்கிக்க. குழியில விட்டுட்டு மண்ணைத் தள்ளிடு.

— என்னால முடியாது தியாப். ஆளுங்கட்சி ஆளு வந்திருக்கான். வால்வுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்.

— எப்பவும் வர்ற கிழவன்தானே? டீயைக் குடு, தூங்கிருவான்.

— இவன் புது ஆளு. பாக்தாத்லேர்ந்து வந்திருக்கான். டீ குடிக்க மாட்டானாம்.

— டீ குடிக்காத ஈராக்காரனா? இந்தா பாரு, அவனை நம்பாத. ஈரான்காரன் அனுப்பின உளவாளியா இருப்பான்.

— ஈரான் பக்கம் சாஞ்சது நீங்கதானே.

— ஏய், நான் எந்தப் பக்கமும் சாயல. நான் பம்புக் கட்சி. உங்க பெரிய மனுசங்க ஈரானோட சண்டை போடறாங்க, எங்க பெரிய மனுசங்க ஈரானோட விருந்து சாப்பிடறாங்க. நடுவுல சிரியாவுல பொறந்த பாவத்துக்கு நான் என்ன பண்ணுவேன்? குழாயை மூடுன்னாங்க. மூடினேன்.

— நீதான் மூடினே.

— என் கை மூடுச்சு. உத்தரவு அவங்களுது.

— சரி.

— என்ன 'சரி'? ரெண்டு மாசமா இதைப் பத்தி நீ வாயே தொறக்கல. இன்னைக்கு என்ன புதுசா?

— சும்மா சொன்னேன். பஸ்ரா துறைமுகம் எரிஞ்சு போச்சு. இந்தக் குழாயையும் நீங்க மூடியாச்சு. துருக்கிப் பக்கம் போற குழாய் ஒண்ணுதான் மிச்சம். இவங்க யார் மேலயாவது பழி போடணும், அவ்வளவுதான்.

— உன் மேல எதுக்குப் போடணும்? நீ என்ன, எண்ணெயைக் குடிச்சுட்டியா?

— இந்தக் குழாய்க்குள்ள நிக்கறது யாரு எண்ணெய்னு கேட்டான் அந்த ஆளு.

— நல்ல கேள்வி. நான் தொறந்து எடுத்தா பறிமுதலாம். நீ தொறந்து எடுத்தா திருட்டாம். யாரும் எடுக்காம வெடிச்சா மட்டும் அது அல்லாவோட எண்ணெய். என்ன சொன்னே அவன்கிட்ட?

— தெரியலன்னேன்.

— கோவமா இருக்கியா?

— இல்ல. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு. எதுவுமே உறைக்கல தியாப். பம்பு எஞ்சின் நின்ன அன்னைக்கு காதுக்குள்ள ஒரு அமைதி வந்துச்சு. அது அப்படியே உள்ள எறங்கி உக்காந்துக்கிச்சு. சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல.

— இங்கயும் எஞ்சின் நின்னதுலேர்ந்து குழந்தைங்க தூங்க மாட்டேங்குதுங்க. அந்தச் சத்தத்துலயே பொறந்து வளந்ததுங்க. நோஃபா என்ன பண்றா தெரியுமா? கடைசிப் பயலை மடியில போட்டுக்கிட்டு எஞ்சின் மாதிரியே 'ம்ம்ம்'னு உறுமறா. அவன் தூங்கிடறான். எனக்குத்தான் பயமா இருக்கு. உன் தங்கச்சியைக் கட்டினேன்னு நெனச்சேன், டீசல் எஞ்சினைக் கட்டியிருக்கேன்.

— நோஃபா எப்படி இருக்கா?

— ஏழாம் மாசம். வயித்தைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியல, மூச்சு வாங்குது. ஆனா என்னைத் திட்டறதுக்கு மட்டும் மூச்சு எங்கிருந்தோ வந்துடுது. என் தங்கச்சி எப்படி இருக்கா? உம்மா தெனமும் ஷம்ஸா, ஷம்ஸான்னு பொலம்பறா. கட்டிக் குடுத்த ஊரு பேரீச்ச மரமெல்லாம் மொட்டை மாடியில நின்னாத் தெரியுது, மக மட்டும் தெரியலையேங்கறா.

— ...

— கலஃப்? அலோ? ஒயர் போச்சா?

— இருக்கேன்.

— ரெண்டு அரசாங்கமும் இந்த ஒரு டெலிபோன் ஒயரைத்தான் வெட்ட மறந்திருக்கு. பேசிக்கிட்டே இரு.

— அந்த ஆளு இன்னொண்ணும் கேட்டான்.

— என்ன, டீ கேட்டானா?

— உன் பொண்டாட்டி சிரியாக்காரிதானே, அவ அண்ணன்தானே அந்தப் பக்கம் குழாயை மூடினான்னு கேட்டான்.

— யாரு சொன்னது அவனுக்கு?

— ஊருக்கே தெரியும். யாரு சொன்னா என்ன? தலாக் சொல்லிட்டா இங்கயே வேலையில இருக்கலாமாம். இல்லன்னா லாரி நிக்குது, போர்முனைக்கு ஏறுன்னான்.

— நீ என்ன சொன்னே?

— யோசிக்கணும்னு சொன்னேன்.

— யோசிக்கணுமா? என் தங்கச்சியைத் தள்ளி வைக்கறதுக்கு நீ யோசிக்கணுமா? உனக்கு ரெண்டு ஆம்பளைப் பிள்ளை பெத்துக் குடுத்தவடா அவ! உங்க உம்மா படுக்கையில கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளினவ!

— தெரியும்.

— வாயில என்னடா, தெரியும் தெரியும்னு!

— பக்கத்து வீட்டு ஜாசிமை உனக்கு ஞாபகம் இருக்கா? வெல்டிங் வேலை பாத்தான். போன மாசம் போர்முனையிலேர்ந்து பெட்டி வந்துச்சு. ஆணி அடிச்சிருந்தாங்க, தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானும் ஒரு பக்கம் தோள் குடுத்தேன். கனமே இல்ல தியாப். ஜாசிம் எவ்வளவு பெரிய ஆளு! கனம் இல்லையேன்னு மட்டும்தான் தோணுச்சு. அழுகை வரல. அவன் பொண்டாட்டி முகத்தப் பாத்தும் வரல.

— போர்முனைன்னா உடனே சாவுன்னு அர்த்தமா? சமையல் வேலை கேளு. கிடங்குல போடச் சொல்லு.

— பம்பு ஆளுங்களை டாங்கிக்குள்ள ஏத்தறாங்க. எஞ்சின் தெரிஞ்சவங்கன்னு.

— இந்தா பாரு கலஃப், நிதானமாக் கேளு. நாம பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க. ஒரே நாள்ல ரெண்டு நிக்காஹ். நீ ஷம்ஸாவுக்குத் தலாக் சொன்னா நான் நோஃபாவுக்குச் சொல்லியாகணும். எனக்கு மனசு இல்லன்னாலும் எங்க சித்தப்பனுங்க விட மாட்டானுங்க. 'நம்ம பொண்ணை அவன் துரத்திட்டான், அவன் வீட்டுப் பொண்ணு ஆக்கிப் போடறதை நீ உக்காந்து திங்கறியா, மீசையை வழிச்சுக்கடா'ம்பானுங்க.

— அதுவும் தெரியும்.

— தெரிஞ்சுமா? பிள்ளைத்தாச்சியை நான் எங்கடா அனுப்புவேன்? எல்லை மூடிக் கெடக்கு. மூணு குழந்தைங்களும் என்கிட்ட நின்னுடும். அவ செத்தே போயிருவா.

— அதனாலதான் கேக்கறேன். நோஃபாவை அனுப்பிடாத.

— என்ன நியாயம் இது? நீ எங்க வீட்டுப் பொண்ணை அனுப்புவே, நான் உங்க வீட்டுப் பொண்ணை வெச்சுக் காப்பாத்தணுமா? உங்க அரசாங்கம்கூட இப்படிப் பேரம் பேசாதே!

— அனுப்புவேன்னு நான் சொல்லல. ஒருவேளை அப்படி ஆனா.

— ஆகக் கூடாது. முடியாதுன்னு அவன் மூஞ்சியில சொல்லு.

— தியாப், எனக்கு முகம் குடு.

— என்ன?

— 'நோஃபா என் முகத்துல இருக்கா'ன்னு உன் வாயால சொல்லு.

— மச்சான்கிட்ட கேக்கற கேள்வியாடா இது? கொலை பண்ணிட்டு ஓடி வந்தவன் கூடார வாசல்ல விழுந்து அடைக்கலம்னு கேக்கறது அது. ஒருக்கா முகம் குடுத்துட்டா, வந்தவன் என் வாப்பாவையே வெட்டினவனா இருந்தாலும் நான் காப்பாத்தியாகணும். அப்பறம் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது.

— மாத்த முடியாதுங்கறதுக்காகத்தான் கேக்கறேன்.

— உன் கொரலே சரியில்ல. ஏதோ கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு.

— வெயில் ஜாஸ்தி. முள்ளு எங்க நிக்குது?

— செவப்புக் கோட்டைத் தொடப் போகுது. பேச்சை மாத்தாத.

— மாத்தல. முகம் குடுக்க மாட்டேன்னா சொல்லிடு. நான் வெச்சிடறேன்.

— இரு, இரு. வெக்காத... போன வாரம் பெரிய சித்தப்பன் வீட்டுக்கு வந்தான். நோஃபா காப்பி ஊத்திக் குடுத்தா. கிண்ணத்தைத் தொடவே இல்ல. 'ஈராக்காரி கையால எனக்கு எறங்காது'ன்னு அவ காதுபடச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவ அன்னைக்கு பூரா என்னைத் திட்டக்கூட இல்ல. கிண்ணத்தை மட்டும் கழுவிக்கிட்டே இருந்தா, கழுவின கிண்ணத்தையே திரும்பத் திரும்ப. அவ இல்லாம எனக்கு வீடே கெடையாது கலஃப். அவ அண்ணன்கிட்டயே இதைச் சொல்ல வெக்கமா இருக்கு. இருந்தாலும் சொல்றேன்.

— அப்ப குடு.

— நீயும் சும்மா பயந்து போய்த்தான் கேக்கறே. உன்னை எனக்குத் தெரியாதா? ஷம்ஸாவை நீ விட மாட்டே. சரி, கேட்டுக்க. நோஃபா என் முகத்துல இருக்கா. நீ என்ன செஞ்சாலும், எங்க ஆளுங்க என்ன சொன்னாலும், அவளை நான் அனுப்ப மாட்டேன். அல்லா சாட்சி. போதுமா?

— பிள்ளைங்க?

— பிள்ளைங்க அவகிட்டதான் இருக்கும். வயித்துல இருக்கறதும் சேத்துத்தான். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும், மீசை போனாப் போகட்டும்.

— போதும்.

— இப்ப உன் முறை. ஷம்ஸா உன் முகத்துல இருக்கான்னு நீ சொல்லு.

— உங்க எல்லை கேட்டுல இன்னைக்கு காவல் யாரு?

— காவலா இப்ப முக்கியம்? சொல்லுடா. சரி, உன்கிட்ட என்ன பேச்சு, வீட்டுக்கு ஆள் அனுப்பி அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லு. நானே என் தங்கச்சிகிட்டப் பேசிக்கறேன்.

— அவ வீட்டுல இல்ல தியாப். விடிகாலையிலயே மூணு தடவை தலாக் சொல்லிட்டேன். எங்க கேட்டுல வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க, உங்க கேட்டுல உள்ள விடல. ரெண்டுக்கும் நடுவுல பொட்டல்ல உக்காந்திருக்கா, தண்ணி எடுத்துக்கிட்டு ஓடு.