முழுப் பேரு

— ஒம்பது கிலோதான் இருக்கு, கிருஷாந்தி. அரைப் பேருதான் போடுவேன். அரை நாள் சம்பளம். விளங்குதா?

— கணக்கப்பிள்ளை ஐயா, பாருங்களேன், மழை வேற. முழுப் பேரு போட்டுருங்க.

— மழை எல்லாருக்குந்தான் பேஞ்சிச்சு. நீ கொழுந்து பறிச்சதைவிட போன்ல பேசுனதுதான் கூட. யாருகிட்ட பேசுன?

— டியூசன் புள்ளைங்களுங்க. வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தேன்.

— நீ ஏழெட்டு அம்பத்தாறுன்னு கத்துனத கேட்டுட்டு கங்காணி அம்பத்தாறு கிலோன்னு எழுதிட்டான். தராசுல வச்சா ஒம்பது.

— அவரு எழுதுனதையே வச்சுக்கலாமேங்க.

— வெளையாடாத. இன்னொரு அரைப் பேரு விழுந்தா ஒன் பேர பொஸ்தகத்துல இருந்து வெட்டச் சொல்லி பெரிய தொர உத்தரவு. பேரு போனா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவும் போயிரும். விளங்குதா?

— அதாங்க பயமா இருக்கு. அந்தக் காம்பராவுலதான் ரோல்ஸ் பொரிச்சு யாவாரம் தொடங்கப் போறோம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு கடைக்காரங்க எடுக்குறோம்னுட்டாங்க.

— மருந்துக் கடையிலயும் வேலை பாக்குறியாமே, கங்காணி சொன்னான். தோட்டம், மருந்துக் கடை, டியூசன், இப்ப ரோல்ஸ். ஒருத்தி எப்படி நாலு எடத்துல நிப்பா?

— ஒருத்தி நிக்கலீங்க ஐயா.

— என்னா?

— நான் கிருஷாந்தி இல்லீங்க. அவ தங்கச்சி கேஷிகா. திம்புள்ளயில இருந்து வந்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

— கங்காணிக்குத் தெரியுமா இது?

— அவருதாங்க கம்பளிய மொகம் மறைய இழுத்துப் போட்டுக்கச் சொன்னாரு.

— அப்ப கிருஷாந்தி எங்க?

— நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல சமையல் டிரெய்னிங். அதுக்கு இன்டர்வியூ. நாளைக்கு ரோல்ஸ் யாவாரத்த பெருசாக்கணும்னா அது வேணுமுங்க.

— மருந்துக் கடையில?

— அத்தான் நிக்கிறாரு.

— அத்தானுக்கு வேலை வெட்டி இல்லையா?

— ஆட்டோ ஓட்டுறாருங்க. இன்னிக்கு ஆட்டோவுல எங்கப்பா.

— லைசன் இருக்கா அவருக்கு?

— அப்பா ஓட்டுறதில்லீங்க. பின்னால உக்காந்திருக்காரு. யாராவது ஏறுனா, டிரைவர் வந்துருவாரு, பேசிட்டு இருப்போம்னு சொல்வாரு.

— வருவாரா டிரைவர்?

— மருந்துக் கடை சாத்துனதும் வருவாரு.

— டியூசன் யாரோடது?

— அது ஒண்ணுதாங்க என்னோடது. யாவாரம் ஓடிருச்சுன்னா எல்லாரும் அவங்கவங்க எடத்துக்கு வந்துருவோங்க. அதுவரைக்கும் அக்கா பேரு இருக்கணும். காம்பரா இருக்கணும். ஐயா, பொஸ்தகம் நனையுது பாருங்க.

— சரி. முழுப் பேரு போட்டுட்டேன். போ.

— நல்லா இருப்பீங்க ஐயா. பெரிய தொர பாத்துட்டு ஏதாச்சும் கேட்டா?

— கேக்க மாட்டாரு.

— அது எப்படிங்க நிச்சயமா சொல்றீங்க?

— நான் கணக்கப்பிள்ளை இல்லம்மா. அவரு மச்சான், சிவசாமி. கணக்கப்பிள்ளை காலையில இருந்து ஆபீசுல தொர நாக்காலியில உக்காந்திருக்காரு.

— அப்ப தொர?

— கண்டியில கார் கழுவுற சர்விஸ் ஸ்டேஷன் ஒண்ணு போடுறாரு. அது ஓடுற வரைக்கும் அவருக்கும் பங்களா இருக்கணும்ல.