மொதலாளி யார்கிட்ட பேசுச்சு?

– அவனை என் மடியிலேருந்து எடுக்காதீங்கக்கா. மொதலாளி என்கிட்ட பேசிக்கிட்டிருக்கான்.

– பேசுறானாம்! சின்னவளே, அது நாய்டி. துணிக்கடைக் கல்லாவுல ஏறித் தூங்குதேன்னு மொதலாளின்னு பேரு வச்சோம். அதுக்காக வாயைத் தொறந்து வியாபாரமா பேசும்?

– நான் கிட்ட போனாலே வாயைச் சவக்கு சவக்குன்னு மென்னுக்கிட்டு என்னமோ சொல்றான். பத்து நாளா இதான். உங்ககிட்ட பண்ணினானா? இல்லல்ல?

– எனக்கு எதுக்குடி வாய்ப்பேச்சு? நான் ரூம் கதவைச் சாத்தினா, வெளிச் சுவத்துல நெத்தியை முட்டுக்குடுத்துக்கிட்டு அப்படியே நிக்கிறான். நகர மாட்டேங்கிறான். அவ்வளவு ஏக்கம்.

– இதை ஏன் என்கிட்ட சொல்லல?

– சொன்னா கண்ணு வச்சிடுவே. நீ மட்டும் பேசுறதைச் சொன்னியா?

– சொன்னா மாடியில வச்சுப் பூட்டிக்குவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?

– அம்மா, ரெண்டு பேரும் சண்டையை வாசல்ல வச்சுக்கங்க. நாயை மேஜை மேல விடுங்க. என்ன தொந்தரவு?

– நேத்து நடக்கிறப்போ பின்னங்கால் பின்னிக்கிட்டு விழுந்துட்டான் டாக்டர். காலுக்கு ஒரு மருந்து குடுங்க.

– கால் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? கண்ணுல பீளை, மூக்குல சளி?

– போன மாசம் வந்துச்சு. ராப்பகலா நான் பாத்துக்கிட்டேன், சரியாப் போச்சு.

– இவ பாத்தாளாம்! கண்ணைத் தொடைச்சது நான் டாக்டர்.

– சரியாப் போகலைம்மா. இது நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ். சளி நின்னதும் நீங்க நிம்மதியாயிட்டீங்க, அது ரத்தத்தோட மூளைக்குப் போயிடுச்சு. இப்போ மூளையில வீக்கம். சின்னம்மா, அவன் உங்ககிட்ட பேசலை. தாடை தானா மெல்லுறது ஒரு வகை வலிப்பு.

– டாக்டர்...

– பெரியம்மா, அது ஏக்கமும் இல்ல. மூளை வீங்கின நாய் அப்படித்தான் சுவத்துல தலையை அழுத்திக்கிட்டு நிக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் தொறந்திருந்தா அப்பவே வந்திருக்கலாம். தடுப்பூசி போட்டீங்களா?

– முதல் ஊசி நான் போட்டேன். அடுத்ததுக்கு இவ தூக்கிட்டுப் போறேன்னா.

– நான் கிளம்பினேன் டாக்டர். என் மடியிலேருந்து பிடுங்கிக்கிட்டாங்க. சரி, அவங்களே போட்டிருப்பாங்கன்னு...

– நான் உன்மேல கோவத்துல போகவே இல்லடி.

– பொழச்சுக்குமா டாக்டர்?

– வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பை அடக்கலாம், வயித்துக்கு ஆகாரம் குடுக்கலாம். மீதியை அவன் உடம்புதான் பாத்துக்கணும். இங்கேயே இருக்கட்டும். வாய் மெல்லுறது குறைஞ்சா நம்பிக்கை வைக்கலாம்.

*

– வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாயேன்டி. நேத்துலேருந்து இந்த பெஞ்சுலயே கெடக்குறே.

– நீங்க போங்க. நான் போனதும் அவன் கண்ணு முழிச்சு உங்களைப் பாத்துட்டா?

– இப்பவும் அதே கணக்கா உனக்கு?

– உங்களுக்கு இல்லியாக்கும்? சரி, கதவு தொறந்திருக்கு. உள்ள வாங்க. அக்கா, உன்னிப்பாப் பாருங்க. உங்ககிட்ட பேசுறானா?

– இல்லடி. வாய் அசையலை. உன்கிட்ட?

– என்கிட்டயும் பேசலை.

– அப்பாடா.

– அக்கா, கையை எடுக்காதீங்க. நக்குறான்.

– ஐயோ, தாடை ஆடுதா? பாருடி, எனக்குக் கண்ணு மறைக்குது. டாக்டரைக் கூப்பிடு. இது வியாதியா, பாசமா?

– டாக்டர் வேண்டாங்கா. எனக்கு வயிறு எரியுது. அப்போ பாசம்தான்.