டயர் அளவு பற்றிய விளக்கம்

ஐயா,

டயர் அளவு விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் அளவு, வண்டியில் ஓர் அளவு. மறுத்துப் பேச எனக்கு வாய் இருக்கிறது, தெம்பு இல்லை. ஜவுளிக்கடையில் வளர்ந்த ஒருவன் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்றால், உள்ளே வேறு ஏதோ சரக்கு இருக்கிறது என்று உங்களுக்குப் பட வேண்டும். பட்டிருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

இசக்கிமணி இறந்த பிறகு அவன் மனைவி முத்துசெல்வி கையெழுத்துப் போட்டுத் தர, ஜீப்பை என் பெயருக்கு மாற்ற உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் டேப்பை வைத்து அளந்தீர்கள். குனிந்து பார்த்தீர்கள். ஏறியிருக்கும் உயரம், டயர், பானெட் பக்கத்திலிருந்து கூரை வரை போகும் கறுப்புக் குழாய், இந்த மூன்றுக்கும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சொல்கிறேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது கம்பெனிக்காரன் வைத்தபடியே இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் மெக்கானிக் ஷெட். எங்கள் என்றால் நானும் இசக்கிமணியும். அவனுக்குச் சொந்த ஊர் ராயகிரி. பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தோம். வண்டிக்காரர்களிடம் பேசுவது நான், வண்டியிடம் பேசுவது அவன். மலைத்தோப்பு வைத்திருப்பவர்கள், தனியார் அருவிக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்கள், இவர்கள்தான் முதலில் வந்தார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் வந்தார்கள். நல்ல ரோடு இருக்கும்போது சேற்றில் இறக்கி, மாட்டவைத்து, மேலே எடுப்பதில் இவர்களுக்கு ஒரு சந்தோஷம். "சார், மாட்டிக்கிட்டு முழிக்கத்தான் வீடு இருக்கே, இதுக்கு எதுக்கு தனியா ஒரு வண்டி" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிற நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இந்த ஜீப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. ஏலத்துக்குப் போன அன்று என் ஆதார் அட்டை வீட்டில் கிடந்ததால் அவன் பெயரில் எடுத்தோம். இரண்டு வருஷம் அதைப் பிரித்தான், சேர்த்தான். அடியில் இருக்கிற பட்டைகளை மாற்றி உடம்பைத் தூக்கினான். தூக்கிய உடம்புக்குப் பழைய டயர் பொம்மை மாதிரி இருந்தது. அதனால் பெரிய டயர். அது பாறையிலும் பிடிக்கும், சேற்றிலும் பிடிக்கும். உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில்.

கறுப்புக் குழாய்க்கு இசக்கி வைத்த பெயர் தும்பிக்கை. இஞ்சினும் மனிதனைப் போலத்தான். மூக்குக்குள் தண்ணீர் போகாதவரை கழுத்தளவிலும் நிற்கும். மூக்கைக் கூரைக்குக் கொண்டுபோய்விட்டான். முதல் சோதனைக்கு ஒரு குளத்தில் இறக்கினோம். பானெட் மறைந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் கத்தினான்.

"ஏலே மசூது, இப்படியே துபாய்க்கு ஓட்டிட்டுப் போயிரலாம்லே. ஒன் மச்சான் இத்ரீசு பிளைட்டுக்குக் குடுத்த காசெல்லாம் தெண்டம்."

ஆக, அந்த ஜீப் தண்ணீரில் நின்றுபோகாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் ஆவணியில் இசக்கி தனியாகப் போகிறேன் என்றான். முத்துசெல்விக்குச் சுரண்டை. அங்கே மார்க்கெட் ரோட்டில் இடம் பார்த்துவிட்டார்கள். போர்டுகூட எழுதியாயிற்று, 'அபி ஆட்டோ ஒர்க்ஸ்' என்று. அபி அவன் மகள், ஏழாம் வகுப்பு. சண்டை எதுவும் இல்லை ஐயா. அதுதான் கஷ்டம். சண்டை என்றால் சமாதானம் பேசலாம். "பதினோரு வருசம் ஒன் போர்டுக்கு கீழ இருந்துட்டேம்லே, எம்பிள்ள பேருல ஒரு போர்டு வைக்கணும்னு ஆசை" என்றான். போகும்போது ஜீப்பைக் கேட்டான். அவன் பெயரில் இருக்கிற வண்டியை என்னிடம் கேட்டான், பாருங்கள். அவன் அப்படிப்பட்டவன்.

நான் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இழுத்தேன். மூன்று மாதம் இழுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், பழைய கதை பேசினேன், முதுகு வலிக்கிறது என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு, தை பிறந்தால் போகிறேன் என்பான்.

என் வீட்டில் மெஹர் பானு சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த அண்ணன் போயிட்டா நீங்க ஷெட்டுல என்ன செய்யப் போறிய? ஸ்பேனருக்கும் தோச சட்டுவத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்." நானும் சிரித்தேன். பருப்பில் உப்பு கூடுதல் என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அருவிக்கு ஜீப் ஓட்டும் சுபாஷ் போன் செய்தான். செங்கோட்டைக்கு மேலே ஒரு தோப்புக்குள் ஓடுகிற ஓடையில் அவன் ஜீப் முதல்நாளே நின்றுபோயிருந்தது. காலையில் இசக்கியைக் கூட்டிப் போயிருக்கிறான். அப்போது முழங்கால் தண்ணீர். இசக்கி பானெட்டைத் திறந்து வேலை பார்க்க, சுபாஷ் கரைக்கு வந்து பேட்டரியைத் தூக்கப் போயிருக்கிறான். மலையில் எங்கோ கொட்டிய மழை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

"அண்ணாச்சி, அண்ணன் வண்டி மேல ஏறி நிக்காரு. தண்ணி சீட்டு வரைக்கும் வந்துட்டு. ஒங்க ஜீப்ப எடுத்துட்டு வாங்க, அது ஒண்ணுதான் எறங்கும்."

இருபது நிமிஷத்தில் போய்விட்டேன். யாராலும் முடியாத வேகம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுபாஷ் கரையில் நின்று அழுதான். ஓடை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவன் ஜீப் சாய்ந்து கிடக்க, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு இசக்கி நின்றான். அவனுக்கு நீச்சல் தெரியும். அந்தத் தண்ணீரில் நீச்சல் என்பது பேச்சுக்குத்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். நாலு வீலையும் போட்டு, லோ கியரில் இறக்கினேன். டயர் பாறையைப் பிடித்தது. முகப்பு விளக்கு முங்கியது. தும்பிக்கை சீராக மூச்சு இழுத்தது. அவனுக்கும் எனக்கும் இடையே இருபதடி. இன்னும் அரை நிமிஷம் ஓட்டினால் அவன் தாவி ஏறிக்கொள்வான்.

அங்கே இஞ்சினை நிறுத்தினேன்.

நான்காவது பொருள் அதுதான் ஐயா. அந்தக் காலத்து டீசல் ஜீப் சாவியைத் திருப்பினால் நிற்காது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்து, இஞ்சின் ஓய்கிறவரை பிடித்திருக்க வேண்டும். கை தவறி நடக்கிற காரியமில்லை. நான் பிடித்திருந்தேன்.

ஏன் என்றால், சொல்கிறேன். என் வாப்பாவுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை, சீசனுக்குக் குற்றாலத்தில் துண்டுக்கடை. மற்றவர்கள் அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டபோது, வாப்பா திரும்பி வருகிற வழியில் போட்டார். போகிறவன் பத்துக் கடை ஏறி விலை கேட்பான். நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவன் கேட்க மாட்டான். சொன்ன விலைக்கு வாங்கித் துவட்டிக்கொள்வான். நான் அந்தக் கடையில் வளர்ந்தவன். மூன்று மாதமாக முடியாத பேச்சு, எதிரே நனைந்து நிற்கிறது. அவ்வளவுதான் தோன்றியது. கெட்ட எண்ணம் என்று தனியாக ஒன்றும் வரவில்லை.

கரையில் இருந்த சுபாஷ், தண்ணீர் ஏறி இஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்தான். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறான். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. வித்தியாசம் தெரிந்த காது அந்த இடத்தில் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் குடித்த இஞ்சின், தொண்டையில் கல் சிக்கின மாதிரி தடக்கென்று நிற்கும். குமிழை இழுத்தால், தூங்கிப்போகிற ஆள் மாதிரி மெதுவாக ஓயும்.

"ஏலே, எதுக்கு நிறுத்துன?"

"தண்ணி ஏறிட்டுலே."

"ஏங்கிட்டயே கத விடுதியா? தண்ணி குடிச்ச இஞ்சினு இப்படியாலே நிக்கும்? நீ இழுத்துல்லா நிறுத்திருக்க." சிரித்தான். சாவு வீட்டிலும் கேலி பேசுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். இதுவும் அதில் ஒன்று என்று நினைத்திருக்கிறான். "சவத்து மூதி, வெளாட்டு போதும். காலுக்குக் கீழ வண்டி அசையுது."

"சுரண்டைக்குப் போவலன்னு ஒரு வார்த்த சொல்லு. எடுத்துருதேன்."

தண்ணீர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லையோ என்று திரும்பச் சொன்னேன். கேட்டுவிட்டது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

நான் கேட்டது ஒரு வார்த்தை. சொத்தைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்கவில்லை. பின்சீட்டில் நல்ல கனமான கயிறு கிடந்தது. எடுத்து வீசியிருக்கலாம். பதிலுக்காகக் காத்திருந்தேன். அவன் பிடிவாதம் ஊரறிந்தது.

மேலேயிருந்து வேரோடு ஒரு மரம் வந்தது. சத்தம் முதலில் வந்தது, மரம் பின்னால் வந்தது. சுபாஷின் ஜீப்பை அது ஒரு தட்டுத் தட்டிப் புரட்டிக்கொண்டு போனது. இசக்கி கத்தவில்லை. கம்பியைப் பிடித்த கையை விடவும் இல்லை. வண்டியோடேயே போனான்.

நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது. ரிவர்சில் கரையேறிவிட்டேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. சுபாஷ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கடவுள்தான் கடைசி நேரத்தில் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார் என்றான். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, கீழே பாறை இடுக்கில் கிடைத்தான். சுபாஷ் மொபைலில் எடுத்த வீடியோ எல்லோர் போனுக்கும் போனது. நான் தண்ணீருக்குள் நின்றது அதில் நான்கு நிமிஷம் ஓடுகிறது. என் முதுகும் தண்ணீர் இரைச்சலும்தான். நண்பனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் என்று மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நல்ல சால்வை. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். கடையில் வளர்ந்த கை, சும்மா இருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, முத்துசெல்வி ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"அவுக கை பட்ட வண்டி அண்ணாச்சி. சுரண்டையில கொண்டுபோயி நான் என்ன செய்யட்டும்? ஒங்ககிட்டயே ஓடட்டும்."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒருதடவை சொன்னேன். ஒருதடவைக்கு மேல் சொல்லவில்லை.

"அவ்வளவு கிட்ட போனியளே அண்ணாச்சி. கடைசியா என்ன சொன்னாவ?"

அபி அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அபிய நல்லாப் படிக்க வையின்னு சொன்னாம்மா" என்றேன். முத்துசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தப் பெண் இப்போது விடியற்காலையில் தானாக எழுந்து படிக்கிறாளாம். அப்பா சொன்னது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் காட்டினாள். கையெழுத்து இசக்கியின் கையெழுத்து மாதிரியே வலது பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எதையும் விற்க வாய் வரவில்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே விலை சொல்கிறேன். அவர்கள் சந்தேகப்பட்டு வேறு ஷெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

டயரைக் கழற்றிவிடுங்கள், தும்பிக்கையைக் கழற்றிவிடுங்கள், வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் மேலே எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று எழுதினேன். அது சரியல்ல. பதில் உடனே வந்தது.

"சரிலே, சுரண்டைக்குப் போவல. ஒங்கூடயே கெடக்கேன். வண்டிய எடு."

மூன்று மாதமாகக் கிடைக்காதது மூன்று விநாடியில் கிடைத்தது. கிடைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷமல்ல, குறைத்துக் கேட்டுவிட்டேனோ என்கிற எண்ணம். "ஜீப்பும் என் பேருக்கு மாறணும்" என்றேன். "எடுத்துக்கலே" என்றான். அதோடு அவன் பேச்சு முடிந்தது. முதல் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மிச்சம் மூன்று நிமிஷமும் நான், அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.