ஆடி ஐந்தாம் நாளுக்கு உரியவர் திரு. சாமிநாதன் அவர்கள்

வயல்தோறும் நடந்த கால்களுக்கு உரியவரே! வில்லியனூர் பிறைமதி அரிசி ஆலையின் நெல் கொள்முதல் எழுத்தரே! இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வு பெறும் பெருந்தகையே, வணக்கம்!

தம் கையால் இம்மடலைத் தங்களுக்குத் தர வேண்டியவர் சென்ற மார்கழியில் மறைந்த முதலாளி ஜலாலுதீன் அவர்கள். அவர் இல்லாத இந்த அவையில், ஆலையில் தாங்களும் அவரும் மட்டுமே அறிந்திருந்த செய்தியைச் சொல்கிறோம்.

எந்த ஊரில் யார் வயலில் என்றைக்கு நடவு என்பதை அட்டைகளில் குறித்து, அறுவடை நாளைக் கணித்தவர் சாமிநாதன். கடலூர்த் தரகர்கள் களத்துக்கு வருமுன் நம் சாக்குகள் அங்கே இருந்தது அதனால்தான். அட்டைகள் எண்ணூறைத் தாண்டியதும் முதலாளி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். அன்றன்று அறுக்க வேண்டிய வயல்களை அது காலையிலேயே அச்சிட்டுத் தந்தது. இனித் தம் நாற்காலி எதற்கு என்று சாமிநாதன் மனத்துக்குள் கலங்கினார். ஆனாலும் அட்டைகளையெல்லாம் தாமே இருந்து அதில் ஏற்றினார்.

முதல் அறுவடைக்கு உறுவையாறு கிராமத்துக்கு லாரியில் ஆட்கள் போனார்கள். வயல் பச்சையாக நின்றது. வரப்பில் நின்ற வயல்காரர் தணிகைவேல், "இன்னாபா சாமிநாதா, ஒங்க பொட்டிக்குக் கண்ணு தெரியாதா? பச்சையா அறுத்து மாட்டுக்கா போடுறது?" என்றார். அடுத்த இரண்டு வயல்களிலும் அதே கதை. கம்ப்யூட்டர் ஏமாற்றிவிட்டது என்று ஆலையே பேசியது. அதைத் திருப்பி அனுப்பிவிடுவதென்று முதலாளி முடிவெடுத்தார்.

அன்று மாலை சாமிநாதன் அட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். நடவு நாளென்று குடியானவர்கள் சொன்னது ஆடி ஐந்து. அவர் ஏற்றியிருந்தது ஜூலை ஐந்து. ஆடி பிறப்பதே ஜூலை பதினேழில். எல்லா வயலும் பதினாறு நாள் முந்திவிட்டது.

வாய் திறக்காதிருந்தால் கம்ப்யூட்டர் போயிருக்கும், நாற்காலி நிலைத்திருக்கும். அவர் முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். "மாசத்த மாத்துனேன் முதலாளி, தேதிய மாத்தல. பொட்டி மேல தப்பில்ல. தப்பு என்னுது. நா வேலைய வுட்டுடுறேன்."

முதலாளி எதிரே கிடந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "தப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவன் போயிட்டா, அப்புறம் பொட்டி எதுக்குபா? ஒக்காரு" என்றார்.

தேதிகள் திருத்தப்பட்டன. அடுத்த சாகுபடிப் பட்டத்தில் பண்டசோழநல்லூர் வரை ஒரு களத்திலும் தரகர்கள் நம்மை முந்தவில்லை. கொள்முதல் இரட்டித்தது. காரணத்தை முதலாளி தம் துணைவியாரிடம் மட்டும் சொன்னார். ஆலை இந்நாள்வரை கம்ப்யூட்டரையே பழித்தது.

மடலில் என்ன எழுதலாம் என்று கேட்கச் சென்ற அந்த அம்மையாரிடம், தம் நற்குணங்கள் எதையும் சாமிநாதன் சொல்லவில்லை. "அந்த ஆடி அஞ்சை எழுதுங்கம்மா. பொட்டி எத்தினி நாளு என் பழியைச் சொமக்கும்?" என்றார்.

ஐயா! தாங்கள் கேட்டதை எழுதிவிட்டோம். தங்கள் பிழையைத் தாங்களே சொல்லக் கேட்ட பின், தங்களைப் புகழ எங்களிடம் வேறு சொல் இல்லை. தங்கள் துணைவியார் அம்சவள்ளி அம்மையாருடன் நோயின்றி நூறாண்டு வாழ்க! இம்மடலை வீட்டுக்கு வருவோர் படிக்கும் உயரத்தில் மாட்டி வையுங்கள்.

இங்ஙனம்,
பிறைமதி அரிசி ஆலைப் பணியாளர்கள்
வில்லியனூர், 30-6-1989
எழுதியவர்: மெஹர் நிஷா ஜலாலுதீன்