சுவரில் ஏறிய விரல்கள்

சுந்து! ஏட்டி சுந்து!

இப்படி ஒரு குரல் கொடுத்தால் மாடியிலிருந்து "இந்தா வாரேங்க்கா" என்று பதில் வரும். ஆள் இறங்கி வர நேரமாகும். பதில் மட்டும் முந்திக்கொண்டு வரும். இன்றைக்கு ஆளும் இல்லை, பதிலும் இல்லை. ஆகையால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும், என் மகளுக்கு எழுத்தறிவித்த யோகலட்சுமி டீச்சர் அவர்களே! கைகால் முடங்கிய பெண்களைக் கதவு திறந்து வெளியே வரவழைத்து, குத்துக்கல்வலசையின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பிசியோதெரபி நூர்நிஷா அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியவர்களே, அண்ணாச்சிமார்களே! வீங்கிய விரலோடும் வீங்கிய மனதோடும் வந்திருக்கும் தாய்மார்களே! அவர்களுக்குக் காவல் வந்ததுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமியார்மார்களே, மதினிமார்களே, ஓர்ப்படியாள்மார்களே! உங்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். ஏனென்றால் நான் உங்கள் கட்சி.

என் பெயர் ஆனந்தவள்ளி. படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆளை மட்டும் ஒரே பார்வையில் வாசித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரையும் நம்ப மாட்டேன். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை நகர மாட்டேன். சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அதைக்கூட எதற்குப் போர்த்துகிறார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் குனிந்தேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தச் சந்தேகம் செய்த காரியத்தைக் கேட்டபின் சிரிக்க மாட்டீர்கள்.

சுந்து என்று நான் கூப்பிட்டது சண்முகசுந்தரியை. என் கொழுந்தன் சிவசைலத்தின் மனைவி. ஒரே வீட்டில் பதினோரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். சரவாங்கி என்கிற மூட்டுவாதம் அவளுக்கு. போன தை மாதம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்துநான்கு வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நல்ல பிள்ளதான். ஆனா சோம்பேறி. டாக்டர் சொன்ன பயிற்சியச் செய்யாம கைய முடக்கிக்கிட்டா." சாம்பல் ஆறுவதற்கு முன் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அவள்மேலிருந்து எடுக்கத்தான் இந்த மேடை ஏறினேன். மூன்றாவது வரிசையில் என் கொழுந்தன் இருக்கிறார். அவருக்கும் இதுவரை தெரியாது.

அவள் காலை ஆறு மணிக்குப் பால்சட்டியைத் தூக்க முடியவில்லை என்பாள். பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் துணி காயப்போடுவாள். ஆறு மணிக்கு வராத கை பதினோரு மணிக்கு எப்படி வந்தது? இட்லி அவிக்க வராத கை, சீரியல் நேரத்தில் பூக்கட்ட எப்படி வந்தது? கேட்டேன். அவள் காதில் விழும்படி கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா, தலையை ஆட்டாதீர்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த நோயின் குணமே அதுதான் என்று நமக்கு யார் சொன்னார்கள்? காலையில் மூட்டு பூட்டிக்கொள்ளும். பொழுது ஏற ஏறத்தான் திறக்கும். நோய் செய்ததை நான் நடிப்பு என்றேன்.

நடிக்கிறாள் என்று முடிவு கட்டியபின் வேவு பார்ப்பதுதானே அடுத்த வேலை? ஒருநாள் மாடியறைச் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நிற்கிறாள். வலதுகை விரல்கள் சுவரில் நண்டுபோல ஏறுகின்றன. இடுப்புக்கு நேராக ஆரம்பித்து, தோளுக்கு ஏறி, தலைக்கு மேலே ஏறுகின்றன. உதடு ஏதோ முணுமுணுக்கிறது. கீழே சட்டியில் ஆவி பறக்கும் வெந்நீர். கட்டிலில் ஒரு தாள். தாள் முழுக்கக் கை! விரித்த கை, மூடிய கை, கட்டைவிரல் மடங்கிய கை. ஒவ்வொரு கைக்கும் ஒரு அம்புக்குறி. ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் பத்து, பத்து, பத்து.

தாய்மார்களே, நான் என்ன நினைத்திருப்பேன்? செய்வினை என்று நினைத்தேன்!

செங்கோட்டையைத் தாண்டினால் மலையாளம். மலையைத் தாண்டி மீன் வரும், மரம் வரும், மந்திரமும் வரும் என்று பேசிப்பேசியே வளர்ந்தவர்கள் நாம். என்னை விரட்டிவிட்டு வீட்டை ஆள அவள் ஏதோ வைக்கிறாள் என்று என் நெஞ்சு அடித்துச் சொன்னது. மறுநாள் நேராகவே கேட்டேன்.

"கதவ அடச்சிக்கிட்டு என்னத்தட்டி செய்யுத?"

"ஒண்ணுமில்லக்கா. கை மரத்துருக்கு. வெந்நியில வைக்கேன்."

பொய் என்று முகத்தில் தெரிந்தது. என்ன பொய் என்றுதான் தெரியவில்லை.

ஆடி அமாவாசை அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். கையால் தொடவில்லை, துணியால் பிடித்தேன். எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்தேன். செய்வினையை ஓடுகிற தண்ணீரில் விட்டால் வீடு திரும்பாது என்பார்கள் இல்லையா? குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சீசன் கூட்டம் சொல்ல வேண்டுமா? எண்ணெய் வழியும் முதுகுகளுக்கு நடுவே முண்டியடித்து மெயினருவியில் தலையைக் காட்டிவிட்டு, தண்ணீர் பாறை இறங்கி ஓடும் இடத்தில் முடிச்சை விட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அவ்வளவு நிம்மதி எனக்கு. அந்த நிம்மதியில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சுந்துவிடம் இரண்டு பழம் கொடுத்தேன். அவளால் உரிக்க முடியவில்லை. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலைத் தள்ளித் தேடினாள். பீரோவைத் தேடினாள். அழுக்குத் துணியைக் கொட்டித் தேடினாள். என்ன தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பார்த்தீர்களா என்று அவளும் என்னைக் கேட்கவில்லை. அதன்பின் மாடியறைக் கதவு மூடவே இல்லை. விரல் சுவரில் ஏறவே இல்லை. மந்திரம் தோற்றது என்று நான் மகிழ்ந்தேன். மூட்டு தோற்றுக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பங்குனியில் கொழுந்தன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். மனைவியின் கையைப் பார்த்தார். விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. முழங்கை நீட்ட வரவில்லை. அடுக்களை வாசலில் வைத்தே கேட்டார்.

"அந்தத் தாள எங்க? டெய்லி செஞ்சியா இல்லியா?"

"தொலச்சிட்டேன். செய்யல."

"மாத்திரய மட்டும் முழுங்குனாப் போதும்னு நெனச்சியோ? இந்தக் கை போனதுக்கு வேற யாரையும் சொல்லாத. ஒன் சோம்பல்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோசைக்கரண்டியைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நின்றேன். தாள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பாதி புரிந்தவள் பேசியிருக்க வேண்டாமா? நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

கை இப்படி ஆனபின் மறைக்க என்ன இருக்கிறது என்று பிறகுதான் கொழுந்தன் எல்லாம் சொன்னார். நோயைக் கண்டுபிடித்து இரண்டு வருடமாம். வீட்டில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சுந்துதான் சத்தியம் வாங்கினாளாம். அவள் தங்கை மஞ்சுவுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரத்தத்திலேயே வாதம் இருக்கிறது என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தச் சம்பந்தம் நிற்குமா? நம் ஊரைப்பற்றி நமக்குத் தெரியாதா? அதனால் மறைத்தாள். தாள் காணாமல் போனதும், யார் கையில் சிக்கியதோ என்று பயந்துதான் பயிற்சியையும் விட்டிருப்பாள். மறைத்ததால் நான் சந்தேகப்பட்டேன். அப்படியென்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் மறைப்பதற்கு முன்பே நான் சந்தேகப்படுகிறவள்தானே?

மறுவாரம் நானே அவளைத் தென்காசியில் நூர்நிஷா அம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர்கள் மேஜைமேல் ஒரு புதுத் தாளை விரித்தார்கள். அதே கை. அதே அம்பு. அதே பத்து. நான் மஞ்சள் துணியில் முடிந்து தண்ணீரில் விட்டது எதை என்று அன்றைக்குத்தான் மீதிப் பாதியும் புரிந்தது.

அப்போதும் என் குணம் போகவில்லை. வலிக்கிற கையை ஆட்டச் சொல்கிறார்களே, இவர்களை நம்பலாமா என்று குறுக்கே கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. "வலிக்குதுன்னு மடக்கியே வச்சா மடக்குனபடியே நின்னுரும்மா" என்றார்கள். மூட்டு சூடாக வீங்கிய நாளில் பாரம் தூக்காமல், வெந்நீரில் மெல்ல மடக்கி நீட்டினால் போதும். வீக்கம் அடங்கிய நாளில் நடக்கவும் வேண்டும், கைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். செய்து முடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் புதுவலி அடங்காவிட்டால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த நாளிலும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக்கூடாது. இவ்வளவுதான் மந்திரம்!

அன்றுமுதல் கடிகாரத்தோடு காவல் இருந்தேன். ஏழு எண்ணிவிட்டுப் பத்து என்பாள், விட மாட்டேன். "போலீசுக்குப் போயிருக்கணும்க்கா நீங்க" என்பாள். நான் நோட்டம் விட்டது அந்த ஒரு காரியத்துக்குத்தான் பயன்பட்டது. இரண்டு விரல் நிமிரவே இல்லை. பொய் சொல்ல மாட்டேன். மற்ற எட்டும் வேலைக்கு வந்தன. ஒரு வருடத்தில் தன் மகளுக்குத் தானே சடை பின்னினாள். கோணல் சடைதான். பிள்ளை அதை அவிழ்க்கவிடாமல் தூங்கியது.

மூன்று வருடம் அப்படி இருந்தாள். பிறகு அந்தக் காய்ச்சல். தாள் போனதற்கும் உயிர் போனதற்கும் சம்பந்தமில்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நூர்நிஷா அம்மாவும் சொன்னார்கள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்களோ என்று அதையும் சந்தேகப்படுகிறேன். அந்தச் சந்தேகம் எனக்கு வேண்டியதுதான், என்னோடு இருக்கட்டும்.

மாமியார்மார்களே, மதினிமார்களே! சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விடுவீர்களா? ஆளை மாற்றுங்கள்! ஒரே தைலத்தில் மூட்டு சரியாகும் என்கிறானே, அவனைச் சந்தேகப்படுங்கள். மூட்டுவலிக்காரி அசையவே கூடாது என்று சொல்கிறவரைச் சந்தேகப்படுங்கள். "ஆறு மணிக்கு முடியாதவளுக்குப் பதினோரு மணிக்கு எப்படி முடியும்" என்று கேட்கிற உங்கள் நாக்கைச் சந்தேகப்படுங்கள்! மூடிய கதவுக்கு உள்ளே ஒருத்தி தன் விரலைத் தானே தூக்கிச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தால், சன்னல் இடுக்கில் நிற்காதீர்கள். கதவைத் தட்டுங்கள். உள்ளே போங்கள். பக்கத்தில் நின்று பத்துவரை எண்ணுங்கள்!

கை தட்ட வேண்டாம். தட்ட முடியாத கைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

கொழுந்தனாரே, தாளை எடுத்தவள் நான். அருவித் தண்ணீரில் விட்டவள் நான். உங்கள் மனைவி சோம்பேறி இல்லை. நீங்கள் எழுந்து போனாலும் சரி, எனக்கு வருத்தமில்லை.

பேச இடம் தந்த டீச்சர் அவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.

சுந்து, அன்றைக்கு அடுக்களை வாசலில் "தொலச்சிட்டேன்" என்று பழியை வாங்கிக்கொண்டாயே, எடுத்தது இந்த அக்காதான் என்று தெரிந்து வாங்கிக்கொண்டாயா, தெரியாமலா?